புகைக்குண்டும் புகைத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர்த் தமிழர்களிடமிருந்து இந்தக் கேள்விகள் இரண்டு திசையில் வருகின்றன. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவின் மையத்தில் பணியாற்றிய தாத்தாவோ மாமாவோ உள்ள வீடுகள் ஒரு திசை. எலஹங்காவில் விமானக் கண்காட்சி பார்த்துவிட்டு, வானத்தில் கண்ட வண்ணப் புகையைப் பற்றிக் கேட்கத் தொடங்கும் மாணவர்கள் இன்னொரு திசை. இருவருக்கும் பொதுவாக இந்தப் பதில்கள். கலவை விகிதங்கள் இங்கே இல்லை. புகைக்குண்டு எப்படி வளர்ந்தது, எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதே விஷயம்.

புகைக்குண்டு வெடிகுண்டின் ஒரு வகைதானே?

சுடும் பீரங்கி ஒன்றே, சுடப்படும் ஓடும் (ஷெல்) ஏறக்குறைய ஒன்றே. உள்ளே இருக்கும் சரக்கும் நோக்கமும் வேறு. வெடிகுண்டு ஓட்டைச் சிதறடித்து ஆளையோ பொருளையோ அழிக்கப் பார்க்கிறது. புகைக்குண்டு எதிரியின் கண்ணுக்கும் நம் ஆளுக்கும் நடுவே ஒரு திரையைத் தொங்கவிடப் பார்க்கிறது. படையில் இருந்தவர்கள் இதை 'ஸ்மோக்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குட்டையான குழாயிலிருந்து உயர்ந்த வளைவில் எறியும் ஆயுதத்தைத் தமிழில் பலர் 'மோட்டார்' என்று எழுதுகிறார்கள். கிணற்று மோட்டாரோடு குழம்பும் என்பதால் இங்கே 'மார்ட்டர்' என்றே இருக்கும்.

போர்க்களத்தில் புகை எப்போதும் இருந்ததுதானே? தனியாகக் குண்டு செய்யும் தேவை எப்படி வந்தது?

கருமருந்து இருந்தவரை புகைக்குப் பஞ்சமே இல்லை. நாலு தடவை துப்பாக்கி சுட்டால் எதிரில் நிற்பவன் தெரியமாட்டான். தளபதிகள் அதைத் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கொண்டுவந்தார். 1889இல் பிரிட்டன் அதே வகையான கார்டைட்டைக் கொண்டுவந்தது. நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904இல் தொடங்கியதும் இந்தப் புதிய மருந்துக்காகத்தான்.

களம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது. அதோடு தொலைநோக்கி, இயந்திரத் துப்பாக்கி, நெடுந்தூரப் பீரங்கி எல்லாம் சேர்ந்துகொண்டன. திறந்த வெளியில் நூறு மீட்டர் நடப்பதே தற்கொலை என்றானது. அப்போதுதான், ஒழித்துவிட்ட புகையைக் காசு கொடுத்துத் திரும்பச் செய்ய வேண்டிய நிலை வந்தது.

முதன்முதலில் பெரிய அளவில் பயன்பட்டது எங்கே?

1915 செப்டம்பர் 25, பிரான்சின் லூஸ். பிரிட்டிஷ் படை முதல்முறையாகக் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட நாள். 40 நிமிடத் திட்டத்துக்கு வாயு உருளைகள் போதவில்லை. ஆகவே இடையிடையே புகை மெழுகுவத்திகளை ஏற்றி, வாயு தொடர்ந்து வருவதுபோல எதிரிக்குத் தோன்றச் செய்தார்கள். 4 அங்குல ஸ்டோக்ஸ் மார்ட்டர்களும் புகைக்குண்டு எறிந்தன. சில இடங்களில் காற்று மந்தமாகி, வாயு பிரிட்டிஷ் பதுங்குகுழிகளுக்கே திரும்பிவந்தது. பிறகு இந்தத் துறையில் நடந்த சறுக்கல்கள் பலவற்றுக்கும் அந்த நாளே முன்மாதிரி.

இன்னொரு நிகழ்ச்சி 1918 ஏப்ரல் 23, பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகம். பிரிட்டிஷ் கடற்படையின் புகைத்திரையை வடிவமைத்தவர் பிராங்க் பிராக், லண்டனின் பெயர்பெற்ற பட்டாசுக் குடும்பத்தவர். (சிவகாசிக்காரர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) திரை அருமையாக எழுந்தது. விண்டிக்டிவ் கப்பல் துறைமுகச் சுவரை நெருங்கும் கடைசி நிமிடங்களில் காற்று திசை மாறியது. புகை விலகி, கப்பல் ஜெர்மன் பீரங்கிகளுக்கு நேர் எதிரில் அப்பட்டமாக நின்றது. பிராக் அந்தத் தாக்குதலிலேயே உயிரிழந்தார்.

ஒரு புகை ஷெல்லுக்குள் என்னென்ன இருக்கும்?

இரண்டு குடும்பங்கள் உண்டு.

முதலாவது, வெடித்துச் சிதறும் வகை. ஓட்டுக்குள் வெள்ளைப் பாஸ்பரஸ், நடுவில் மெல்லிய குழாயில் கொஞ்சம் வெடிமருந்து, மூக்கில் வெடிப்பைத் தூண்டும் ஃப்யூஸ். தரையில் மோதியதும் நடுக்குழாய் வெடித்து ஓட்டைப் பிளக்கும். பாஸ்பரஸ் துண்டுகள் சிதறி, காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். நொடிகளில் வெண்புகை.

இரண்டாவது, அடிப்பக்கம் திறந்து கொட்டும் வகை. மூக்கில் நேரம் வைக்கும் ஃப்யூஸ், அதற்குக் கீழே சின்ன உந்துமருந்துப் பொட்டலம், ஒரு தள்ளுதட்டு, அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் புகை டப்பாக்கள், கடைசியில் லேசாகப் பிடித்துவைத்த அடித்தட்டு. டிபன் கேரியரைப் படுக்கவைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குறித்த நேரத்தில், இலக்குக்கு மேலே வானத்திலேயே உந்துமருந்து எரியும். அதன் தீ டப்பாக்களின் நடுத்துளை வழியே ஓடி அவற்றைப் பற்றவைக்கும். அதே அழுத்தத்தில் அடித்தட்டு பிய்த்துக்கொள்ள, டப்பாக்கள் பின்பக்கமாக வெளியே விழும். அவை தரையில் கிடந்து நிதானமாகப் புகைந்துகொண்டிருக்கும். இரண்டாம் உலகப்போரில் 25 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கி சுட்ட புகை ஷெல் இந்த வகைதான்.

காலி ஓடு அதோடு நிற்காது. வந்த வேகத்தில் முன்னோக்கிப் போய் எங்காவது விழும். அது எங்கே விழும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் சுட வேண்டும். பயிற்சியில் புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

டப்பாவுக்குள் புகைவது என்ன?

நெடுங்காலம் அது எச்.சி. என்ற கலவை. ஹெக்ஸாகுளோரோஈத்தேனும் துத்தநாகச் சேர்மமும் அதில் முக்கியம். எரியும்போது துத்தநாகக் குளோரைடு ஆவியாகி, ஆறி, காற்றின் ஈரத்தை இழுத்து நுண்துளிகளாக மிதக்கும். இதன் மூதாதை முதல் உலகப்போரில் பிரெஞ்சுக்காரர் பெர்ஜே உருவாக்கிய கலவை. அதில் துத்தநாகத் தூளோடு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம் இருந்தது. திரவம் கசியும், சேமித்துவைப்பது கஷ்டம். அதற்குப் பதிலாகத் திடப்பொருள் வந்ததும் டப்பா நம்பகமானது.

பாஸ்பரஸா, எச்.சி.யா, எது மேல்?

எதற்கு என்று கேட்டால்தான் பதில் உண்டு. அவசரத்துக்குப் பாஸ்பரஸ், நீடிப்பதற்கு எச்.சி. அமெரிக்கப் பீரங்கிப்படைக் கையேடுகள் 155 மி.மீ. ஷெல்லுக்குக் கொடுக்கும் திட்ட அளவுகளைப் பாருங்கள். பாஸ்பரஸ் ஷெல் அரை நிமிடத்தில் திரை எழுப்பும், 1 முதல் 1½ நிமிடம் எரியும். காற்று குறுக்காக வீசினால் 150 மீட்டரை மறைக்கும். எச்.சி. ஷெல் திரை எழுப்ப 1 முதல் 1½ நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆனால் 4 நிமிடம் எரியும், 350 மீட்டரை மறைக்கும். 105 மி.மீ.யில் எச்.சி. 3 நிமிடம், 250 மீட்டர்.

எடைக்கு எடை பார்த்தால் பாஸ்பரஸுக்கு ஈடில்லை. 1 கிலோ பாஸ்பரஸ் எரிந்தால் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து சுமார் 2.3 கிலோ ஆக்சைடு ஆகும். அது நீராவியைப் பிடித்தால் சுமார் 3.2 கிலோ பாஸ்பாரிக் அமிலம். அதற்கு மேலும் ஈரத்தை இழுத்துத் துளிகள் பருக்கும். பாதிச் சரக்குக்கு மேல் களத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் பாஸ்பரஸின் சூடே அதற்கு எதிரி. கடுமையாக எரிவதால் புகை தூணாக மேலே ஏறிவிடும். தரையோடு கிடக்க வேண்டிய திரை தென்னைமரம் போல நின்றால் யாரை மறைக்கும்? எரியும் துண்டுகளின் அளவைக் கட்டுப்படுத்தினால் இது குறையும் என்று கண்டு, பாஸ்பரஸை ரப்பரோடு கலந்து பார்த்தார்கள். அடுத்த தலைமுறையான எம்825 என்ற அமெரிக்க 155 மி.மீ. ஷெல் இரண்டு குடும்பங்களையும் ஒன்றுசேர்த்தது. பாஸ்பரஸில் ஊறவைத்த 116 ஃபெல்ட் துண்டுகளை வானத்திலிருந்து கொட்டும். அவை பரவலாக விழுந்து மெதுவாக எரிவதால் தூணுக்குப் பதில் பாய் விரித்தாற்போல் புகை. வானிலையைப் பொறுத்து 5 முதல் 15 நிமிடம் நிற்கும்.

ஒரு திரைக்கு எத்தனை குண்டு வேண்டும்?

700 மீட்டர் முகப்பை 20 நிமிடம் மறைக்க வேண்டும், 155 மி.மீ. எச்.சி. ஷெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

காற்று குறுக்காக வீசினால் ஒரு ஷெல் 350 மீட்டர் மறைக்கும். ஆக 2 விழுபுள்ளி போதும். ஒரு ஷெல் 4 நிமிடம் எரியும் என்றாலும், அடுத்தது எழும்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும் என்பதால் 3 நிமிடத்துக்கு ஒன்று போட வேண்டும். 0, 3, 6, 9, 12, 15, 18ஆவது நிமிடங்களில் புள்ளிக்கு 7. மொத்தம் 14 ஷெல். முதல் நிமிடத்தில் ஓட்டை விழாமலிருக்க, 150 மீட்டருக்கு ஒன்றாக 5 பாஸ்பரஸ் ஷெல் முன்னதாகப் போட்டால் 19.

அதே இடம், அதே பீரங்கி. காற்று மட்டும் எதிராகவோ பின்னாலிருந்தோ வீசுகிறது. இப்போது ஒரு எச்.சி. ஷெல் மறைப்பது 75 மீட்டர்தான். 10 புள்ளி, புள்ளிக்கு 7. எச்.சி. மட்டுமே 70 ஷெல்! பீரங்கி மாறவில்லை, ஆள் மாறவில்லை, காற்று 90 டிகிரி திரும்பியதற்கு ஐந்து மடங்கு விலை. புகைத்திரை பீரங்கிக்காரரின் வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

குண்டை எங்கே போட வேண்டும்? மறைக்க வேண்டிய ஆள் மேலேயா?

கூடாது. நம் ஆள் மேலேயே போட்டால் அவருக்கும் கண் தெரியாது. அதோடு 'இங்கேதான் இருக்கிறோம்' என்று எதிரிக்கு விலாசம் கொடுத்ததாகிவிடும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலைத் திறந்த கண்ணுக்கு அருகில் பிடியுங்கள். அல்சூர் ஏரியே மறையும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு படகு மறைந்தால் அதிகம். எதிரியின் பார்வைச்சாவடிக்கு எவ்வளவு அருகில் திரை விழுகிறதோ அவ்வளவு சிக்கனம்.

அடுத்தது, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். மணிக்கு 10 கி.மீ. காற்று ஒரு நிமிடத்தில் புகையைச் சுமார் 170 மீட்டர் நகர்த்தும். எச்.சி. திரை எழ ஒரு நிமிடமாவது ஆகும் அல்லவா? அதற்குள் புகை அடுத்த வயலுக்குப் போயிருக்கும். முதல் ஷெல்லைப் பார்த்து அடுத்ததைத் திருத்தும் பழக்கம் இதனால்தான்.

நாளின் எந்த நேரம் நல்லது?

விடியற்காலையும் அந்திக்குப் பிறகும். மத்தியானம் மோசம்.

டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளி விமான நிலையத்தில் காலை விமானங்கள் மூடுபனியில் தாமதமாவதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் தரை குளிர்ந்து, தரையோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. கீழே உள்ளது மேலே போகாது. அதே நேரத்தில் சந்தைத் தெருவில் யாரோ குப்பை எரித்தால் புகை மாடி உயரத்தில் தட்டையாகப் படர்ந்து கிடக்கும். தீபாவளிக்குப் பிந்தைய டெல்லி காலையும் இதன் பெரிய உருவம்தான். புகைத்திரைக்கு இது வரப்பிரசாதம்.

வெயில் ஏறியதும் தரை சூடாகிக் காற்று குமிழ் குமிழாக மேலே எழும். திரையின் அடிப்பாகம் பிய்ந்து பறக்கும். வேகக் கணக்கும் உண்டு. காற்றே இல்லாவிட்டால் புகை பரவாது. கடுமையாக அடித்தால் கிழிந்துவிடும். மணிக்கு சுமார் 10 முதல் 20 கி.மீ. சீரான காற்றே விரும்பப்படுகிறது.

ராஜஸ்தானிலும் மும்பையிலும் ஒரே குண்டு ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. பாஸ்பரஸ் புகையும் எச்.சி. புகையும் காற்றின் ஈரத்தை நம்பி வாழ்பவை. மும்பையின் ஈரக்காற்றில் துளிகள் கொழுக்கும். மே மாத மத்தியானத் தார் பாலைவனத்தில் ஈரமும் இல்லை, தரைச்சூடும் தூக்கியெறியும். இரட்டை அடி.

பாலைவனத்தில் இன்னொரு சிக்கல் கிடங்கில் நடக்கிறது. வெள்ளைப் பாஸ்பரஸ் 44 டிகிரியிலேயே உருகிவிடும். ஷெல்லைப் படுக்கவைத்திருந்தால், பகலில் உருகிய பாஸ்பரஸ் ஒருபக்கமாகத் தேங்கி, இரவில் அப்படியே உறையும். வெளியே ஒன்றும் தெரியாது. சுட்டதும் எடை ஒருபக்கம் இழுக்க, பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடி, தூரம் குறைந்து எங்கோ விழும். ஆகவே பாஸ்பரஸ் ஷெல்களை மூக்கு மேலாக நிறுத்தியே வைப்பார்கள். உருகினாலும் நேராகவே உறையும், வெற்றிடம் மூக்குப் பக்கம் நடுவில் நிற்கும்.

களத்தில் வழக்கமாக என்ன தவறும்?

நேர ஃப்யூஸ் பிந்தினால் டப்பாக்கள் வேகம் குறையாமல் தரையில் குத்தி உடையும் அல்லது மண்ணில் புதையும். முந்தினால் அதிக உயரத்திலிருந்து விழுந்து, காற்றில் சிதறி, திரையில் பல்லுப்போன மாதிரி சந்து விழும். சேற்றிலும் வயல்தண்ணீரிலும் டப்பா மூழ்கி அடங்கிப்போகும். நம் ஊர் நெல்வயல் மழைக்காலத்தில் எச்.சி.க்கு நல்ல இடமே அல்ல. காய்ந்த புல்லில் வேறு கதை. பாஸ்பரஸ் புல்லைக் கொளுத்திவிடும், காட்டுத்தீ திட்டத்தில் இல்லாத பக்கம் ஓடும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது பங்கீட்டுத் தவறு. திரை நன்றாக எழுந்துவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த ஷெல்லைத் தாமதிப்பார்கள். திரை கிழிவது மெதுவாக நடக்காது, ஒரே கணத்தில் ஜன்னல் திறந்ததுபோல் திறக்கும். அப்போது ஆட்கள் பாதி வழியில் இருப்பார்கள்.

தெருவில் மாநகராட்சி அடிக்கும் கொசுமருந்துப் புகை இதே வகையா?

பீரங்கி ஷெல்லின் உறவு இல்லை, ஆனால் புகைத்திரையின் நெருங்கிய உறவு. அந்த இயந்திரம் எண்ணெயைச் சூடான குழாயில் செலுத்தி ஆவியாக்குகிறது. வெளியே வந்ததும் ஆவி ஆறி நுண்துளிகளாகிறது. தீயில் எரிந்த புகை அல்ல, எண்ணெய் மூடுபனி.

இரண்டாம் உலகப்போரில் இதையே பெரிய அளவில் செய்தவர்கள் இர்விங் லாங்மியூரும் வின்சென்ட் ஷேஃபரும். லாங்மியூர் 1932இல் வேதியியல் நோபல் பெற்றவர். துளியின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருந்தால்தான் குறைந்த எண்ணெயில் அதிகம் மறைக்கும் என்பது அவர்கள் பிடித்த சூட்சுமம். இத்தாலியின் ஆன்சியோ துறைமுகம், ரைன் நதிக்கரை எனப் பல இடங்களில் இந்த இயந்திரங்கள் மணிக்கணக்கில் திரை விரித்தன. ரைனில் அதற்கு ஒரு பின்விளைவும் வந்தது. 1945 மார்ச் 24 அன்று இறங்கிய நேச நாட்டுக் கிளைடர் விமானிகளுக்கே புழுதியோடு சேர்ந்த அந்தப் புகைமூட்டத்தில் இறங்குதளம் சரியாகத் தெரியவில்லை. ஷேஃபர் பின்னர் 1946இல் உலர்பனியால் மேகத்தில் பனித்துகள் உண்டாக்கி, செயற்கை மழை ஆராய்ச்சிக்கு வழி திறந்தார். புகையில் தொடங்கி மழையில் முடிந்த பயணம்.

கண்காட்சியில் சாகச விமானங்கள் விடும் வெண்புகையும் பொதுவாக இந்த எண்ணெய் வகைதான். சூடான வெளியேற்றத்தில் டீசல் போன்ற எண்ணெயைப் பீய்ச்சுவார்கள். வண்ணத்துக்குச் சாயம் சேர்ப்பார்கள்.

துளி அளவை வீட்டிலேயே பார்க்கலாம். ஊதுபத்தியின் முனையிலிருந்து அப்போதுதான் எழும் புகை கறுப்புப் பின்னணியில் லேசாக நீலம். துகள் ஒளியலையைவிடச் சிறியது என்பதன் அடையாளம் அது. சாம்பிராணியைத் தணலில் கொட்டினால் வரும் கனத்த வெள்ளை, துகள் பெருத்துவிட்டதன் அடையாளம்.

தெர்மல் கேமரா வந்தபின் புகைக்கு வேலை இருக்கிறதா?

பழைய புகைக்குப் பெரும்பாலும் இல்லை. கணக்கைப் பாருங்கள். பார்வைக்கோட்டில் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் பாஸ்பரஸ் புகை இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 1.7 சதவீதம்தான் கடக்கும். மனிதக் கண்ணுக்கு அது மறைந்ததுதான். அதே புகையில் 8 முதல் 12 மைக்ரான் வெப்பக்கதிர் சுமார் 68 சதவீதம் கடந்துவிடும். எச்.சி.யில் 96, எண்ணெய் மூடுபனியில் 98. தெர்மல் கேமராக்காரருக்குக் கண்ணாடி ஜன்னலும் அந்த எண்ணெய்ப் புகையும் ஒன்றென்று சொன்னால் தப்பு. கண்ணாடியாவது வெப்பக்கதிரைத் தடுக்கும்!

காரணம் அளவுதான். ஒரு மைக்ரானை ஒட்டிய துளி, பத்து மைக்ரான் அலைக்குக் கூழாங்கல்லைப் போல. அலை சுற்றிக்கொண்டு போய்விடும். பாஸ்பரஸ் ஓரளவு தாக்குப்பிடிப்பது அதன் அமிலத்துளி வெப்பக்கதிரை உறிஞ்சுவதால். எரியும் துண்டுகளின் சூடும் கேமராவைச் சிறிது நேரம் குழப்பும். முழுமையாகத் தடுக்க மெல்லிய பித்தளைச் செதில், கிராஃபைட் செதில் போன்றவற்றைத் தூவும் குண்டுகளும் இயந்திரங்களும் வந்தன. மில்லிமீட்டர் அலை ரேடாருக்கு நறுக்கிய கார்பன் இழை. ஆனால் உலோகச் செதில் கனமானது, சீக்கிரம் கீழே இறங்கிவிடும்.

டிரோன் மேலேயிருந்து பார்த்தால்?

இன்று பழைய திட்டங்களை அதிகம் உடைப்பது இதுதான். 100 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உள்ள புகைமேகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு 100 மீட்டர் புகை. மேலேயிருந்து பார்ப்பவருக்கு 15 மீட்டர். பக்கவாட்டில் 1.7 சதவீதம் ஒளி கடக்கும் அதே மேகத்தில், மேலிருந்து சுமார் 54 சதவீதம் கடக்கும். சுவர் கட்டினோம், கூரை போடவில்லை. கூரை வேண்டுமென்றால் திரையைப் பரப்பளவாக விரிக்க வேண்டும், சரக்கு பலமடங்கு.

டாங்கியின் கோபுரத்தில் இருபுறமும் இருக்கும் குழாய்கள்?

அவை அவசரப் புகைக்குண்டு ஏவிகள். லேசர் தன்மேல் பட்டதை உணர்ந்ததும் ஒரே நேரத்தில் பலவற்றை எறிந்து, நொடிகளில் திரை எழுப்பி, டாங்கி பின்வாங்கும். நிமிடக் கணக்கில் நிற்பது நோக்கமல்ல. டி-72 போன்றவை வெளியேற்றக் குழாயில் டீசல் தெளித்தும் புகை விடும். அது கண்ணுக்கு மட்டும் திரை, தெர்மலுக்கு அல்ல.

சாப்பர்களுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

முள்கம்பியையும் கண்ணிவெடியையும் அகற்றுபவர் குனிந்து, இரு கையும் வேலையில் இருக்க, திரும்பிச் சுட முடியாத நிலையில் இருப்பார். அவருக்குப் புகைதான் கவசம். முள்கம்பியை அறுக்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இதே ஊரில் மெட்ராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளிண்டாக் உருவாக்கியது. குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதற்கு எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் திரை நிற்க வேண்டும். மேலே போட்ட 20 நிமிடக் கணக்கு ஏன் முக்கியம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

புகையை மூச்சில் இழுத்தால் ஆபத்தா?

ஆம். திறந்தவெளியில் மெல்லியதாக இருந்தால் எரிச்சலோடு போகும். அறை, பங்கர், சுரங்கம் போன்ற மூடிய இடத்தில் எச்.சி. புகை உயிரைப் பறிக்கும். துத்தநாகக் குளோரைடு நுரையீரலைப் புண்ணாக்கும், மோசமான அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தும் வரலாம். இதனால் பல படைகள் எச்.சி.யைக் குறைத்துக்கொண்டன. பயிற்சிக்கு டெரிஃப்தாலிக் அமிலப் புகை வந்தது. மறைப்புத்திறன் குறைவு, நஞ்சும் குறைவு. சிவப்புப் பாஸ்பரஸும் பரவியது. அது தானே பற்றாது, கையாள எளிது. ஆனால் ஈரம் பட்ட கிடங்கில் மெல்ல மெல்லப் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும்.

வெள்ளைப் பாஸ்பரஸ் தோலில் பட்டால் காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை எரியும். தண்ணீரில் மூழ்கவைக்க வேண்டும் அல்லது ஈரத்துணியால் மூடியே வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். துணி காய்ந்தால் மீண்டும் பற்றும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவவே கூடாது.

பாஸ்பரஸ் தடைசெய்யப்பட்டதா?

புகைக்காகப் பயன்படுத்துவது தடைசெய்யப்படவில்லை. 1980ஆம் ஆண்டு ஐ.நா. மரபு ஆயுத உடன்படிக்கையின் 3ஆவது நெறிமுறை தீமூட்டும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஒளி, புகை, குறிகாட்டல் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டு, தற்செயலாகத் தீயும் மூட்டுபவற்றை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. சர்ச்சையெல்லாம் இந்த விலக்கைச் சுற்றித்தான். குடியிருப்பின் மேல் கொட்டிவிட்டு 'புகைக்காகத்தான்' என்று சொல்ல இடம் இருக்கிறது என்பது விமர்சகர்களின் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது.

பழைய ஷெல் ஒன்று கிடைத்தால்? வெறும் புகைக்குண்டுதானே?

பழைய சுடுதளங்களை ஒட்டிய நிலத்திலும் இரும்புக் கடைகளிலும் இப்படி வருவதுண்டு. துருப்பிடித்த ஓட்டில் நிறமும் எழுத்தும் போயிருக்கும், புகையா வெடியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. புகைக்குண்டாகவே இருந்தாலும் உள்ளே வெடிமருந்தோ உந்துமருந்தோ இருக்கலாம். பாஸ்பரஸ் மேல் வெள்ளை மேலோடு படிந்து பல பத்தாண்டு தூங்கும், கீறல் விழுந்து காற்று பட்டதும் எழுந்துகொள்ளும். தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், படமெடுக்க அருகில் போகாதீர்கள். வந்த வழியே திரும்பி நடந்து, மற்றவர்களைத் தடுத்து, 112க்குச் சொல்லுங்கள். இடத்தின் அடையாளத்தை மட்டும் துல்லியமாகச் சொன்னால் போதும்.